பக்கத்து இருக்கையில் ஓர் அங்கி

பல் மருத்துவர் மாநாட்டிற்கு வந்திருந்த பேராளர்களின் கழுத்தில் நீலப் பட்டையும், அவர்களைத் தொற்றிக்கொண்டு வந்திருந்த மனைவிமார், கணவன்மார், இதர உறவினர் ஆகியோரின் கழுத்தில் மஞ்சள் பட்டையும் தொங்கின. மஞ்சள் பட்டையின் நுனியிலிருந்த அட்டையில், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘உடன் வந்தவர்’ என்று மட்டுமே அச்சிட்டிருந்தார்கள். நீலப் பட்டையினர் குளிரூட்டிய மண்டபத்தில் கடைவாய்ப் பல்லின் வேரைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்க, மஞ்சள் பட்டையினருக்குக் கடலையும் கடைத்தெருவையும் காட்டி, மாலையில் சேதாரமின்றித் திருப்பி ஒப்படைப்பது வழிகாட்டிப் பெண்ணின் பொறுப்பு.

அன்று காலை மஞ்சள் பட்டையினருள் ஒருத்திக்குச் சிற்றுண்டி தொண்டையில் இறங்கவில்லை. அவளுடைய கணவர் பிற்பகலில் மேடையேறிக் கட்டுரை வாசிக்கவேண்டியவர். அவருடன் இருவர் வந்திருந்தனர்: மனைவியாகிய இவள் ஒருத்தி, அவருடைய மூத்த சகோதரி மற்றொருவர். தாயில்லாத வீட்டில் தம்பியை வளர்த்து, அஞ்சல் நிலையத்தில் நாளெல்லாம் கடிதங்களை வகைபிரித்து அவரைப் பல் மருத்துவராக்கி, அந்த அவசரத்தில் தமக்கொரு திருமணம் செய்துகொள்ள மறந்துபோனவர் அந்த நாத்தனார். அத்தகைய நல்லவருடன் ஒரே அறையில் தங்குவது எவ்வளவு கடினம் என்பது, அந்த நன்மையால் வளர்ந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கே விளங்கும்.

விடுதியில் மூன்றாவது ஆளுக்கென்று போட்டிருந்த மடக்குக் கட்டில், புரண்டு படுத்தால் பூனைபோல் கத்தும். இரவெல்லாம் அதனோடு மல்லுக்கட்டித் தோற்ற நாத்தனார், விடியுமுன்னரே எழுந்து, பொழுது போகாமல், தம்பி மனைவியின் பெட்டியைத் திறந்து உள்ளிருந்த அனைத்தையும் ஊர்வாரியாகக் கடிதம் அடுக்குவதுபோல் மடித்து அடுக்கிவிட்டார். உள்ளாடைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை.

உணவுக்கூடத்தில், தட்டும் கையுமாக நின்றபடி, பெட்டியை ஏன் தொட்டீர்கள் என்று அவள் கேட்டாள்.

“கலைஞ்சு கெடந்துச்சு, மடிச்சு வெச்சேன். பெட்டியாம்மா அது? குருவிக்கூடு.”

பக்கத்து மேசையினர் சிரித்தனர். நாத்தனாரின் சொல்லைத் தாங்கிக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீங்க இல்லாம இருந்தா, நான் நிம்மதியா இருப்பேன்க்கா.”

கரண்டிகளின் ஓசை நின்றது. நாத்தனார் உதட்டைத் துடைத்த தாளை நான்காக மடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து நடந்தார். சிந்திய பாலையும் சொன்ன சொல்லையும் அள்ள முடியாது என்பதை அவள் அறிவாள். ஆயினும் அள்ளக் குனியவும் அவளுக்கு மனம் வரவில்லை.

அன்றைய உலா விளக்குப் பாறைக்கு. கரையிலிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரம்போல் தோன்றும் அந்தத் தாழ்வான பாறையின்மேல், ஆளில்லாமல் தானே எரியும் கலங்கரை விளக்கம் ஒன்று பூட்டிக் கிடந்தது. காலையில் கடல் வற்றியிருக்கும்போது பாறையைச் சுற்றி நடக்கலாம். பிற்பகலில் காற்று எழும்பி ஓதம் ஏறினால், படகு அணையும் படிகள் நீருக்குள் போய்விடும். ஆகவே உச்சிப்பொழுதுக்கு முன் திரும்பிவிடவேண்டும் என்று வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் கூறினாள்.

படகை ஓட்டிய சாரங்கு, நரைத்த மீசைக்காரர், கடலில் பிறந்து கடலிலேயே பல் முளைத்தவர்போல் பேசினார். எல்லாருக்கும் ஆரஞ்சு நிற மிதவை அங்கிகளை எடுத்துக் கொடுத்தார். தலைகளை அவர் எண்ணுவதில்லையாம். தலை குனியும், கூரைக்கடியில் மறையும், படம் எடுக்க எழுந்து ஓடும். ஆரஞ்சு நிறமோ எங்கிருந்தாலும் கண்ணில் குத்தும். சுக்கான் அறையிலிருந்து ஒரு பார்வை பார்த்து ஆரஞ்சை எண்ணுவார். கரை திரும்பியதும் அங்கி மாட்டும் கொக்கிகளில் ஒன்றும் வெறுமையாக இல்லையென்றால் கணக்குச் சரி. இத்தனை ஆண்டுகளில் ஒருவரையும் தொலைத்ததில்லை என்று அவர் சொன்னபோது, உங்கள் தொழிலில் தொலைத்தால் ஒரு தடவைதானே என்று மஞ்சள் பட்டைக் கணவர் ஒருவர் கேட்க, படகே சிரித்தது. நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை.

பாறையில் இறங்கியதும் எல்லாரும் படம் எடுக்க ஓடினார்கள். அவள் படிக்கட்டின் அருகில், நிழலில் அமர்ந்தாள். நாத்தனார் அவளுக்கு முன்னால் வந்து நின்று, அங்கியின் வார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“இதப் பிடி. ரெண்டு தலகாணிக்கு நடுவுல சொருகின மாதிரி மூச்சு முட்டுது.”

காலையிலிருந்து அவர் பேசிய முதல் சொற்கள் அவை. சமாதானக் கொடியாகவும் இருக்கலாம், வெறும் எரிச்சலாகவும் இருக்கலாம். அவள் முகம் நிமிராமல் அங்கியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நாத்தனார் கலங்கரை விளக்கத்தின் சுவரைப் பிடித்தபடி பாறையின் பின்புறம் நோக்கி நடந்து, வளைவில் மறைந்தார்.

சாரங்கு ஊதலை ஒலித்தபோது கூட்டம் சிரிப்பும் சளசளப்புமாகப் படகேறியது. அவளும் ஏறினாள். எங்கு சென்றாலும் நாத்தனாருக்கு இடம் பிடித்துவைப்பது மணமானது முதல் அவள் கைக்குப் பழகிவிட்ட வேலை. கோபம் மனத்தில் இருந்ததே தவிர, கைக்கு அது தெரியாது. கை தானாகவே அந்த அங்கியைப் பக்கத்து இருக்கையின் முதுகில் மாட்டி, வார்களை இழுத்து முடிச்சிட்டது. படகு நகர்ந்தது. நாத்தனார் அந்த இருக்கைக்கு வரவில்லை. படகின் பின்புறம் கூரைக்கடியில் போய் உட்கார்ந்திருப்பார் என்று எண்ணினாள். போய்ப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் யாரும் இல்லாத அந்த இருக்கையில் காற்று வந்து உட்கார்ந்துகொண்டது; அவள் காலை நீட்டி, கண்ணை மூடினாள்.

கரை சேர்ந்ததும் இரண்டு அங்கிகளையும் தன் கையாலேயே கொக்கிகளில் மாட்டினாள்.

துறையில் இரண்டு வண்டிகள் நின்றன: ஒன்று கடைத்தெருவுக்கு, மற்றொன்று நேரே விடுதிக்கு. நாத்தனார் விடுதி வண்டியில் ஏறியிருப்பார் என்று தானே முடிவுகட்டிக்கொண்டு, அவள் கடைத்தெரு வண்டியில் ஏறினாள். சங்கு மாலைகளைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள், வேண்டாத செருப்பு ஒன்றை விலை பேசினாள், ஐஸ்கிரீம் தின்றாள். நிம்மதியாகத்தான் இருந்தாள்.

விடுதி அறையைத் திறந்தபோது மடக்குக் கட்டிலின் விரிப்பு, காலையில் மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்தது. குளியலறைக் கதவு திறந்திருந்தது. நாத்தனாரின் எண்ணை அழைத்தாள். மடக்குக் கட்டிலின் தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் பழைய கைப்பேசி ஒலித்தது.

கீழே வரவேற்பறைக்கு ஓடினாள். சாவியை யாரும் கேட்கவில்லை என்றார் அங்கிருந்தவர். வழிகாட்டிப் பெண், விடுதி வண்டியில் வந்தவர்களை நினைவுபடுத்திப் பார்த்துவிட்டு, அவர்களுள் நாத்தனார் இல்லை என்றாள். உடனே சாரங்கைத் தொலைபேசியில் அழைத்தாள். ஆரஞ்சு கணக்குச் சரியாக இருந்தது, கொக்கியும் நிறைந்திருக்கிறது, பாறையில் யாரையும் விடவில்லை என்று அவர் அடித்துச் சொன்னார். அப்படியானால் ஆள் கரைக்கு வந்து ஊருக்குள்தான் எங்கோ போயிருக்கிறார் என்பது வழிகாட்டிப் பெண்ணின் முடிவு.

அதற்குள் மஞ்சள் பட்டைகள் சூழ்ந்துவிட்டன. காலையில் நடந்ததை அவர்களுள் அறியாதவர் இல்லை. அந்தம்மா கோபித்துக்கொண்டு ஊருக்கே வண்டி ஏறியிருப்பார் என்றார் ஒருவர். ரோஷக்காரர், பார்த்தாலே தெரிந்தது என்றார் மற்றொருவர். ஐந்து விரலும் ஒன்றாகுமா, எல்லா நாத்தனாரும் சொல் பொறுப்பார்களா என்று யாருக்கும் பொருந்தாத ஒரு நீதியை மூன்றாமவர் உதிர்த்தார். பேருந்து நிலையத்துக்கும் இரயிலடிக்கும் ஆள் அனுப்ப வழிகாட்டிப் பெண் ஏற்பாடு செய்தாள். கணவர் அந்நேரம் மேடையில் இருந்தார். அவருடைய கைப்பேசி அணைந்திருந்தது.

கொக்கி நிறைந்திருக்கிறது. அந்தச் சொல் அவள் காதில் நுழைந்து, சற்று அலைந்து, பிறகு சரியான இடத்தில் போய்த் தைத்தது.

கொக்கியை நிறைத்தது அவள் கை.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது அவள் கண்முன் நாடகம்போல் ஓடியது: காலையில் ‘நீங்க இல்லாம இருந்தா’ என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னவள்; நண்பகலில் அவருடைய அங்கியைப் பக்கத்து இருக்கையில் கட்டிவைத்து, ஆள் இருப்பதுபோல் காட்டியவள். இதனைக் கை செய்தது, மனம் செய்யவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கணவர்தான் நம்புவாரா? ஒருவேளை நாத்தனார் உண்மையிலேயே வேறு ஏதேனும் அங்கியை மாட்டிக்கொண்டு கரைக்கு வந்திருக்கலாம். பேருந்து நிலையத்தில் அமர்ந்திருக்கலாம். ஆள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், அதுவரை வாயைத் திறக்கவேண்டாம். இவ்வாறு அவளுடைய அச்சமே அவளுக்கு வழக்கறிஞராக வந்து நின்றது.

அப்போது வரவேற்பறையின் பெரிய கண்ணாடி அதிர்ந்தது. வெளியே காற்று எழும்பியிருந்தது. தென்னைகளுக்கு அப்பால் கடல் பல் காட்டிக்கொண்டிருந்தது. பாறை இருக்கவேண்டிய திசையில் வெள்ளை நுரை எழுந்து எழுந்து விழுந்தது.

அவள் வழிகாட்டிப் பெண்ணின் கையிலிருந்த தொலைபேசியைப் பறித்து, சாரங்கை மறுபடி அழைத்தாள்.

“அந்த ஜாக்கெட்ட மாட்டினது நான்தான். அவங்க கழட்டி என்கிட்ட குடுத்தாங்க. சீட்டுல நான்தான் கட்டி வெச்சேன். அவங்க படகுல ஏறவே இல்ல.”

சூழ்ந்திருந்தவர்களின் மூச்சு ஒருசேர நின்றதை அவள் முதுகில் உணர்ந்தாள். மறுமுனையில் சாரங்கின் குரலில் கேலியும் இல்லை, கடலில் பிறந்த தோரணையும் இல்லை.

“பாறையில எந்தப் பக்கம் போனாங்க?”

“பின்பக்கம்.”

“தண்ணி மொதல்ல அங்கதாம்மா ஏறும்.”

துறைமுகத்து மீட்புப் படகு, ஊதிய இரப்பர் விளிம்பும் உறுமும் இயந்திரமும் கொண்டது. சாரங்கின் பெரிய படகு இந்தக் காற்றில் பாறையை அண்ட முடியாது. அவரும் இதிலேயே வந்தார். கரையிலேயே இருக்குமாறு எல்லாரும் அவளிடம் சொன்னார்கள். அவளுக்கு நீந்தத் தெரியாது. நீச்சல் குளத்தைக் கண்டாலே ஒதுங்கி நடப்பவள். ஆயினும் பாறையில் அவர் எவ்வழி சென்றார் என்பதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். மீட்பு வீரர் இருவருள் மூத்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, வாந்தி எடுத்தால் காற்று போகும் பக்கம் எடுக்கவேண்டும் என்று மட்டும் சொல்லி, வார்களை இறுக்கிவிட்டார்.

அலைமேல் ஏறும்போது வானம் மட்டும் தெரிந்தது. இறங்கும்போது தண்ணீர்ச் சுவர் மட்டும் தெரிந்தது. உப்பு நீர் முகத்தில் அறைந்தது. கயிற்றைப் பிடித்திருந்த விரல்கள் அவளுடையவை என்றே தெரியவில்லை. தன் உயிருக்கு அஞ்சுகிறாளா, நாத்தனாரின் உயிருக்கு அஞ்சுகிறாளா, அன்றிப் பாறையில் எவரும் இல்லாதிருந்தால் மிச்ச வாழ்நாள் முழுவதும் என்ன செய்வது என்று அஞ்சுகிறாளா என்று பிரித்தறிய இயலாதவாறு மூன்று அச்சங்களும் ஒரே கயிறாகத் திரிந்திருந்தன. தன்னுடைய எண்ணிக்கையைத்தான் சாரங்கு மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தார் போலும். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பாறையின் படிகள் மறைந்துவிட்டிருந்தன. பின்புறம் சென்று பார்த்தார்கள். காலையில் நடக்கக்கூடியதாய் இருந்த தளத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது. அங்கே எவரும் இல்லை.

ஒரு செருப்பு மட்டும் நுரையில் சுழன்றது. யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று இளைய வீரர் சொன்னார். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

“மேல பாருங்க,” என்றார் சாரங்கு.

கலங்கரை விளக்கத்தின் சுவரில், பழுதுபார்ப்பவர் ஏறுவதற்காகப் பதித்திருந்த இரும்பு ஏணியில், நாத்தனார் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையை ஏணிப்படிக்குள் நுழைத்து முழங்கையால் பூட்டியிருந்தார். ஒவ்வோர் அலையும் அவர் கால்களை நனைத்துவிட்டுப் போயிற்று. அவர் கத்தவில்லை, கையசைக்கவில்லை. படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்புப் படகு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கியது. அலை உயரும்போது கையை விட்டால் பிடித்துக்கொள்ளலாம். தாழும்போது விட்டால் பாறையில்தான் விழவேண்டும். மூத்த வீரர் கைகளை நீட்டி, நான் சொல்லும்போது விடுங்கள் என்று கத்தினார். அலை உயர்ந்தது. விடுங்கள் என்றார். நாத்தனார் விடவில்லை. மறுபடியும் உயர்ந்தது. மறுபடியும் விடவில்லை. அவருடைய கண்கள் வீரரைப் பார்க்கவில்லை; படகின் நடுவில் கயிற்றைப் பற்றியிருந்தவளையே பார்த்தன. இனி மூன்று, நான்கு அலைக்குமேல் படகை நிறுத்திவைக்க முடியாது என்று இளைய வீரர் பல்லைக் கடித்தார்.

“அக்கா, கைய விடுங்க. நான்தான் வந்திருக்கேன்.”

“அதான் பயமா இருக்கு,” என்றார் நாத்தனார். காற்றுக்கு நடுவிலும் அது தெளிவாகக் கேட்டது. “வேணும்னேதான விட்டுட்டுப் போன?”

இல்லை என்று சொல்லலாம். சத்தியம் செய்யலாம். தேடித் தேடிப் பார்த்தேன் என்று அழலாம். அவ்விதமான சொற்களெல்லாம் வாய்வரை வந்தன. அவற்றை இவர் நம்பமாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, அவளே நம்பமாட்டாள்.

“வேணும்னு விடலக்கா. ஆனா தேடவும் இல்ல. நீங்க பக்கத்துல இல்லேன்னதும் நிம்மதியா இருந்துச்சு. கால நீட்டிக் கண்ண மூடிட்டேன். அப்புறம் கடைக்குப் போயி ஐஸ்கிரீம் தின்னேன். உங்க நெனப்பே வரல.”

வீரர் இருவரும் திரும்பிப் பார்த்தனர். சாரங்கு கடலைப் பார்த்தார். நாத்தனாரின் முகத்தில் என்ன தோன்றியது என்று அவளால் அறிய முடியவில்லை. கண்ணில் உப்பு எரிந்தது. ஆளை ஏமாற்றி இறக்க நினைப்பவள் இப்படியொரு சொல்லைத் தேர்ந்தெடுக்கமாட்டாள் என்று அவர் எண்ணினாரோ, அன்றி கைதான் ஓய்ந்துவிட்டதோ, அடுத்த அலை உயர்ந்தபோது நாத்தனார் பூட்டியிருந்த முழங்கையை உருவிக்கொண்டு விழுந்தார்.

மூத்த வீரர் பிடித்தார். இருவரும் சேர்ந்து அவள்மேல் சரிந்தார்கள். படகு பின்வாங்கித் திரும்பியது.

கம்பளியைப் போர்த்தியபின்னும் நாத்தனாரின் பற்கள் தந்தியடித்தன. இரவெல்லாம் தூக்கம் இல்லாததால் பின்புறத்து நிழலில் சாய்ந்தவர் அப்படியே அயர்ந்துவிட்டாராம், ஊதல் கேட்கவில்லையாம், பாதத்தில் தண்ணீர் பட்டுத்தான் விழித்தாராம். விட்டு விட்டு, சாரங்கின் கேள்விகளுக்கு மட்டும் விடை சொன்னார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அவளுடைய மணிக்கட்டைப் பற்றியிருந்தார். அன்பாகப் பற்றியதாக அதனைச் சொல்ல முடியாது. ஏணிப்படியைப் பற்றிய அதே பிடிதான் அது. நகங்கள் தோலில் இறங்கின. கையை விடுவித்துக்கொள்ள அவள் முயலவில்லை.

பாதி வழியில் நாத்தனார் வாய் திறந்தார்.

“என்ன ஐஸ்கிரீம்?”

அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. “மாம்பழம்க்கா.”

“நல்லா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

நாத்தனார் தலையை மட்டும் ஆட்டினார்.

துறையில் கூட்டம் கூடியிருந்தது. நீலப் பட்டைகளும் வந்துவிட்டிருந்தன. எல்லாருக்கும் முன்னால் அவள் கணவர், மேடையிலிருந்து இறங்கிய கோலத்திலேயே, கழுத்துப்பட்டி தோளில் பறக்க நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இருபுறமும் நின்றவர்கள் அவர் காதில் எதையோ மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை அவள் ஊகிக்கவேண்டியதில்லை. படகு நெருங்க நெருங்க அவர் முகத்திலேயே அது எழுதியிருந்தது.

அவர் அக்காவைத் தாங்கிக் கரையேற்றினார். பிடி விடாத காரணத்தால் அவளும் கூடவே இழுபட்டுக் கரையேறினாள். அவர் அக்காவின் ஈரத் தலையையும், இரத்தம் கசிந்த முழங்கையையும் பார்த்தார். பின்னர், மனைவியைப் பார்க்காமலே, அக்காவிடம் கேட்டார்.

“என்னக்கா நடந்துச்சு? இவங்க சொல்றதெல்லாம் நெசமா?”

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. நாத்தனார் தம்பியின் முகத்தைச் சற்றுநேரம் உற்று நோக்கினார்.

“என்ன எதுக்குக் கேக்கற? நான் தூங்கிட்டேன். உன் பொண்டாட்டியக் கேளு. வலிக்கற மாதிரி இருந்தாலும் உள்ளதத்தான் சொல்லுவா.”

அப்போதுதான் கணவர் அவள் பக்கம் திரும்பினார். மஞ்சள் பட்டைகளும் நீலப் பட்டைகளும் அரைவட்டமாக நெருங்கின. மணிக்கட்டில் அந்தப் பிடி இன்னும் இருந்தது, இறுகவுமில்லை, தளரவுமில்லை. அவள் உணவுக்கூடத்திலிருந்து தொடங்கினாள்.